பிளாக் பட்டனைத் தொடும் முன்: இணையத் தாக்குதலைச் சந்திக்கும் பெண் செய்தியாளர்களுக்கு முழுமையான வழிகாட்டி

இரவு பதினொன்றரை மணிக்கு ஒரு நிருபர் எனக்கு போன் செய்தார். காலையில் வந்த அவருடைய செய்தியை மாலையில் ஒருவர் வீடியோ போட்டுத் திட்டியிருக்கிறார். வீடியோ போட்டவரின் ரசிகர் படை இந்தப் பெண்ணின் பக்கத்துக்கு வந்துவிட்டது. விடியும்வரை தூங்காமல் உட்கார்ந்து முந்நூறு சொச்சம் கணக்குகளை அவர் பிளாக் செய்தார். மறுநாள் புகார் எழுத உட்கார்ந்தபோது கையில் இருந்தவை நான்கு ஸ்கிரீன்ஷாட்டுகள். இரண்டில் தேதியே இல்லை. ஆசிட் ஊற்றுவேன் என்று எழுதியவன் அதற்குள் கணக்கையே அழித்துவிட்டிருந்தான்.

அவர் செய்தவை எல்லாம் செய்ய வேண்டியவைதாம். முன்பின்னாகச் செய்துவிட்டார். செய்தி டெஸ்க்கில் உட்கார்ந்து இப்படிப் பலரைப் பார்த்த பிறகு, எதற்கு அடுத்து எது என்று எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. இது தமிழ்நாட்டில் வேலை பார்ப்பவர்களுக்காக, இந்தியச் சட்டத்தை வைத்து எழுதியது. இலங்கையில் இருப்பவர்களுக்கு 7, 8 ஆகிய பகுதிகளும், மற்ற இடங்களில் வரும் இந்திய உதவி எண்களும் சட்ட விதிகளும் பொருந்தாது. மற்றவை பெரும்பாலும் பொருந்தும்.

1. ஒன்றும் நடக்காத நாளில் செய்து வைக்க வேண்டியவை

அரசியல் பீட்டில் (அதாவது அரசியல் செய்திகளுக்கென ஒதுக்கப்பட்ட வேலையில்) இருப்பவர்களுக்கு மட்டும்தான் இது தேவை என்று நினைக்காதீர்கள். 2017-ல் செய்தியாளர் தன்யா ராஜேந்திரன் ஒரு படத்தைப் பற்றி ஒரு ட்வீட் போட்டார், அவ்வளவுதான். நாட்கணக்கில் வசை வந்தது, அவரைக் கேவலப்படுத்தும் ஹேஷ்டேக்கே ஓடியது, சென்னைக் காவல்துறையில் புகார் கொடுக்க வேண்டியதாயிற்று. எந்தச் செய்தி வெடிக்கும் என்று முன்கூட்டித் தெரியாது. அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தை இதற்கு ஒதுக்குங்கள்.

முதலில் உங்களை நீங்களே தேடுங்கள். பெயர், பழைய பெயர், போன் எண், மின்னஞ்சல் ஒவ்வொன்றையும் கூகுளில் அடித்துப் பாருங்கள். உங்கள் எண்ணை யு.பி.ஐ. செயலியில் அடித்தால் வங்கிக் கணக்கில் உள்ள முழுப்பெயர் வரும். ட்ரூகாலரில் வேறு பெயர் வரலாம். தாக்குகிறவர்கள் தேடும் இடங்கள் இவைதாம்.

பெரும்பாலோர் மறந்துபோவது பழைய திருமணத் தகவல் தளங்கள். எட்டு வருடத்துக்கு முன் அப்பா போட்ட பக்கத்தில் புகைப்படம், சாதி, சொந்த ஊர், சம்பளம், சில சமயம் வீட்டு முகவரிகூட அப்படியே இருக்கும். கல்யாணம் ஆனவுடன் யாரும் அதை நீக்குவதில்லை. நீக்கச் சொல்லி எழுதுங்கள்.

அப்புறம் பூட்டுகள். மின்னஞ்சல், வாட்ஸ்அப், சமூக ஊடகக் கணக்குகள் எல்லாவற்றுக்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பு போடுங்கள். குறுஞ்செய்தியில் வரும் ஓ.டி.பி.யைவிட அதற்கென உள்ள செயலி நல்லது. காரணம், உங்கள் பெயரில் போலி சிம் வாங்கிவிட்டால் ஓ.டி.பி. அவர்கள் கைக்குப் போய்விடும். முடிந்தால் வேலைக்கென்று தனி எண் வைத்துக்கொள்ளுங்கள். விசிட்டிங் கார்டில் அந்த எண் மட்டும் இருக்கட்டும்.

கடைசியாக ஒரு ஆளைத் தேர்ந்தெடுங்கள். தாக்குதல் வந்தால் உங்கள் போனை வாங்கிக்கொள்ளப் போகிறவர் அவர். வீட்டில் உள்ளவரைவிட வேலையில் நம்பிக்கையான ஒருவர் பொருத்தம். வீட்டில் உள்ளவர்கள் படித்தால் அவர்களும் உடைந்துபோவார்கள், பிறகு நீங்கள் அவர்களைத் தேற்ற வேண்டியிருக்கும்.

2. முதல் மணி நேரம்: படிப்பதை நிறுத்துங்கள்

அறிவிப்புகளை அணையுங்கள். போனை அந்த ஆளிடம் கொடுங்கள். அவர் ஊரில் இல்லையென்றால் கணக்கின் கடவுச்சொல்லைப் போனில் பேசிச் சொல்லுங்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

இது கோழைத்தனம் போலத் தோன்றும். எத்தனை பேர் எழுதுகிறார்கள், என்ன எழுதுகிறார்கள் என்று தெரிந்தே ஆக வேண்டும் என்று கை பரபரக்கும். ஆனால் அந்த நேரத்தில் படிக்கும் ஒவ்வொரு வரியும் பல வாரங்களுக்குப் பிறகு சமையல் செய்யும்போது, பஸ்ஸில் போகும்போது திரும்பி வரும். ஆதாரம் சேகரிக்க வாசிப்பவர் வேறு, வசை யாருக்கு எழுதப்பட்டதோ அவர் வேறு. இரண்டு வேலையையும் ஒரே ஆள் செய்யக் கூடாது.

பதில் எழுதாதீர்கள். ‘ஒரே ஒரு பதில், நறுக்கென்று’ என்று ஆரம்பித்தவர்கள் விடிய விடிய எழுதியதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் பதில்தான் அவர்களுடைய அடுத்த வீடியோ. செய்தியில் உண்மையிலேயே பிழை இருந்தால் நிறுவனம் தன் பெயரில் ஒரு முறை திருத்தம் போடட்டும். பிழைக்குத் திருத்தம் போடுவதும் வசைக்குப் பணிவதும் ஒன்றல்ல என்று ஆசிரியருக்கு நினைவூட்ட வேண்டியிருக்கும், சங்கடப்படாமல் நினைவூட்டுங்கள்.

அதே மணி நேரத்துக்குள் வீட்டுக்கு ஒரு தகவல் போக வேண்டும். மார்பிங் செய்த படம் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு வந்து சேர்வது, தாக்குகிறவர்களின் பழைய உத்தி. மாமனார் அதை முதலில் பார்த்து, பிறகு உங்களிடம் கேட்பதைவிட நீங்களே சொல்லிவிடுவது எளிது. பேச வரவில்லையென்றால் இப்படி எழுதி அனுப்புங்கள்: “அம்மா, ஒரு செய்திக்காக என்னைப் பத்தி நெட்ல அசிங்கமா எழுதுறாங்க. ஏதாவது படம் வந்தா அது போலி. யாருக்கும் பதில் சொல்லாதீங்க, யாருக்கும் அனுப்பாதீங்க. என்கிட்ட மட்டும் சொல்லுங்க.”

3. வந்ததை மூன்றாகப் பிரியுங்கள்

போனை வாங்கிக்கொண்டவர் செய்ய வேண்டிய வேலை இது. எங்கள் டெஸ்க்கில் வந்தவற்றை மூன்று குவியலாகப் போடுவோம். வெறும் வசை ஒன்று. மிரட்டல் இரண்டு. அடையாளம், அதாவது வீட்டு முகவரி, பிள்ளையின் பள்ளி, வண்டி எண், நீங்கள் தினமும் போகும் வழி, இது மூன்று.

மூன்றாவது குவியலில் ஒன்று விழுந்தாலும் மற்ற எல்லா வேலையையும் நிறுத்திவிட்டு அவசர உதவி எண் 112-க்கு அழையுங்கள். அன்றிரவு வேறு இடத்தில் தங்குங்கள். பள்ளிக்கும் சொல்லிவிடுங்கள். யுனெஸ்கோவும் பன்னாட்டுச் செய்தியாளர் மையமும் 2020-ல் எடுத்த கணக்கெடுப்பில், பதிலளித்த பெண் செய்தியாளர்களில் 73 சதவீதம் பேர் இணைய வன்முறையைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். அதன் தொடர்ச்சியாக நேரிலும் தாக்குதலோ வசையோ வந்தது என்றவர்கள் 20 சதவீதம். ‘நெட்ல குரைக்கிறவன் நேர்ல வர மாட்டான்’ என்று யாராவது ஆறுதல் சொன்னால், ஐந்தில் ஒருவருக்கு வந்திருக்கிறது என்று சொல்லுங்கள்.

வசையை எடைபோடும்போது ஒரு எச்சரிக்கை. கெட்ட வார்த்தையின் அளவை வைத்து ஆபத்தை அளக்காதீர்கள். வாயில் வராத சொற்களை எழுதுபவன் பத்து பேரோடு சேர்ந்து கத்துகிறவனாக இருப்பான். “நேத்து பச்சை சுடிதார் நல்லா இருந்துச்சு” என்று மரியாதையாக எழுதுபவனைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

4. ஆதாரம்: பெரும்பாலோர் சறுக்கும் இடம்

பிளாக் செய்தால் சில தளங்களில் அந்தப் பதிவே உங்களுக்குத் தெரியாமல் போகும். ரிப்போர்ட் செய்தால் தளம் அதை நீக்கிவிடலாம். எனவே இரண்டுக்கும் முன் ஆதாரம். இந்த ஒரு வரியை மட்டும் மனப்பாடம் செய்தால்கூடப் போதும்.

ஸ்கிரீன்ஷாட்டை வெட்டாதீர்கள். கணக்கின் பெயர், பதிவின் நேரம், உங்கள் திரையில் உள்ள தேதி எல்லாம் தெரிய வேண்டும். அதைவிட நல்லது திரைப் பதிவு: கணக்கின் முகப்புப் பக்கத்தில் தொடங்கி, பதிவுக்குப் போய், பின்னூட்டங்கள் வரை மெதுவாக நகர்த்தி வீடியோவாக எடுங்கள். தனிப் படத்தைப் போலி என்று சொல்லிவிடலாம், இப்படித் தொடர்ச்சியாக எடுத்ததை அவ்வளவு எளிதில் சொல்ல முடியாது.

ஒவ்வொரு பதிவின் லிங்கையும் தனியாக எடுத்து வையுங்கள். காவல்துறை தளத்திடம் விவரம் கேட்கும்போது லிங்க்தான் உதவும். கணக்கின் பெயரை ஒரே நொடியில் மாற்றிவிடலாம், பதிவின் லிங்க் இருந்தால் ஆளைத் தேட ஒரு பிடி கிடைக்கும்.

எல்லாவற்றையும் ஒரு எக்செல் தாளில் ஏற்றுங்கள். தேதி, நேரம், எந்தத் தளம், லிங்க், கணக்கின் பெயர், எழுதியது என்ன, எந்தக் குவியல், கோப்பின் பெயர். வசையை அப்படியே தட்டச்சு செய்ய வேண்டும். ‘ஆபாசமாக எழுதினார்’ என்று நாகரிகமாக எழுதினால் புகாரில் அதற்கு எடை இல்லை. இதைத் தட்டச்சு செய்கிறவரும் மனிதர்தான். அரை மணிக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள். குரல் பதிவு என்றால் ஒரே ஒரு முறை கேட்டு எழுதிக்கொண்டு மூடிவிடுங்கள்.

கோப்புகளை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பி மாற்றாதீர்கள். தரம் குறையும், கோப்போடு இருக்கும் தகவல்களும் போய்விடும். ஆவணமாக அனுப்புங்கள், இல்லையென்றால் கேபிள் போட்டு மாற்றுங்கள். மிரட்டல் வந்த போனை விற்கவோ ரீசெட் செய்யவோ வேண்டாம். மின்னணு ஆதாரத்தை நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவின்படி ஒரு சான்றிதழ் வேண்டும். எந்தக் கருவியில் இருந்து எடுக்கப்பட்டது என்பதை அதில் எழுத வேண்டியிருக்கும். கருவியே இல்லாமல் போனால் வழக்கறிஞருக்குத் தலைவலி.

மார்பிங் செய்த நிர்வாணப் படம் என்றால் முறை வேறு. இணையக் காப்பகத் தளங்களில் ஏற்றாதீர்கள், அது இன்னொரு பொதுப் பிரதியை உருவாக்கிவிடும். ஒரு பிரதி, அதன் லிங்க், அவ்வளவு போதும். பிறகு ‘ஸ்டாப் என்.சி.ஐ.ஐ.’ என்ற தளத்துக்குப் போங்கள். படத்தை அங்கே ஏற்ற வேண்டியதில்லை. உங்கள் போனிலேயே அந்தப் படத்துக்கு ஒரு கைரேகை போன்ற எண்ணை உருவாக்கி, அந்த எண்ணை மட்டும் அதில் இணைந்துள்ள சமூக ஊடக நிறுவனங்களுக்கு அந்தத் தளம் அனுப்பும், படத்தை அவர்கள் கண்டுபிடித்துத் தடுக்க அது உதவும்.

5. இப்போது ரிப்போர்ட், பிளாக்

தளத்தில் உள்ள ரிப்போர்ட் பட்டனோடு நிற்காதீர்கள். இந்தியாவில் செயல்படும் ஒவ்வொரு பெரிய தளத்துக்கும் குறைதீர்ப்பு அதிகாரி இருக்க வேண்டும் என்பது 2021-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதி. அவருக்குத் தனி மின்னஞ்சல் அனுப்புங்கள். நிர்வாணப் படம், மார்பிங், ஆள்மாறாட்டம் போன்றவற்றை நீக்க அந்த விதி வந்தபோதே 24 மணி நேரம்தான் கெடு. பட்டனை அழுத்தினால் இயந்திரம் பார்க்கும். மின்னஞ்சல் அனுப்பினால் தேதியோடு ஒரு ஆவணம் உங்கள் கையில் இருக்கும். பதில் திருப்தியில்லை என்றால் 30 நாட்களுக்குள் மத்திய அரசின் குறைதீர்ப்பு மேல்முறையீட்டுக் குழுவுக்கு இணையத்திலேயே போகலாம்.

பிளாக் செய்வதில் பெரிய சூட்சுமம் எதுவும் இல்லை. மியூட் இன்னும் நல்லது, அவர்களுக்குத் தெரியாது.

6. அலுவலகத்துக்கு எழுத்தில் சொல்லுங்கள்

மேலே சொன்ன அதே கணக்கெடுப்பில், தாக்குதலைத் தங்கள் நிறுவனத்திடம் சொன்ன பெண்கள் 25 சதவீதம்தான். ஏன் சொல்லவில்லை என்பது நம் எல்லோருக்கும் தெரியும். ‘இதெல்லாம் சகஜம்மா, தோலைத் தடிமனா வெச்சுக்கணும்’ என்பார்கள். இல்லையென்றால் அக்கறையோடு பீட்டை மாற்றிவிடுவார்கள். அடுத்த முறை யாரும் சொல்ல மாட்டார்கள்.

வாயால் சொன்னால் அது வம்பாகப் போய்விடும். மின்னஞ்சலில் எழுதினால் பதில் சொல்லும் கடமை வரும். என்ன நடந்தது என்பது நான்கு வரி. பிறகு என்ன வேண்டும் என்பதைத் தெளிவாகக் கேளுங்கள்: நிறுவனத்தின் பெயரில் காவல் புகார், வழக்கறிஞர் செலவு, வீட்டுக்குப் போக வண்டி, ஒரு வாரம் பொதுக் கணக்கை வேறொருவர் பார்த்துக்கொள்வது, சம்பளத்தோடு விடுப்பு. ‘ஏதாவது செய்யுங்கள்’ என்று கேட்டால் ஆறுதல்தான் கிடைக்கும்.

பீட்டை மாற்ற வேண்டாம் என்றால் அதையும் அதே மின்னஞ்சலில் எழுதிவிடுங்கள்.

7. தொல்லை அலுவலகத்துக்குள் இருந்தோ களத்தில் இருந்தோ வந்தால்

இரவு ஒரு மணிக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் மூத்தவர், தேர்தல் பயணத்தில் ஒரே அறை போட்டுவிடும் ஒருங்கிணைப்பாளர், பேட்டிக்கு வீட்டுக்கு வரச் சொல்லும் பிரமுகர். இங்கே பொருந்துவது பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013. பணியின் பொருட்டு நீங்கள் போகும் இடமும், அதற்கு நிறுவனம் ஏற்பாடு செய்த வண்டியும் இந்தச் சட்டத்தில் பணியிடம்தான்.

பத்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் இடத்தில் இந்தப் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும். அதைவிடச் சிறிய இடம் என்றாலோ, புகாரே முதலாளி மேல்தான் என்றாலோ மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவுக்குப் போகலாம். நிரந்தர வேலை இல்லாமல் செய்திக்குச் செய்தி பணம் வாங்கும் ஸ்டிரிங்கர்களுக்கு ஒரு சந்தேகம் எப்போதும் இருக்கும்: ‘எனக்குத்தான் ஆர்டரே இல்லையே?’ தற்காலிகம், ஒப்பந்தம், தினக்கூலி, சம்பளமே இல்லாதவர் எல்லோரையும் ‘ஊழியர்’ என்ற சொல்லுக்குள் இந்தச் சட்டம் கொண்டுவருகிறது.

புகார் கொடுக்கக் கெடு, சம்பவத்தில் இருந்து மூன்று மாதம். தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டலாம். ‘கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்’ என்று காத்திருந்து இந்தக் கெடுவைத் தவறவிட்டவர்கள் நிறைய. தொடர்ந்து நடந்தது என்றால் கடைசி சம்பவத்தில் இருந்து எண்ண வேண்டும்.

புகாரை ஆறு பிரதிகளாக, ஆவணங்களோடும் சாட்சிகளின் விவரத்தோடும் கொடுங்கள். விசாரணை 90 நாட்களில் முடிய வேண்டும். அதுவரை தொல்லை கொடுத்தவரை இடம் மாற்றவோ, உங்களுக்கு மூன்று மாதம்வரை விடுப்பு தரவோ எழுத்தில் கேட்கலாம். கேட்டால்தான் பரிசீலிப்பார்கள்.

‘சமாதானமாப் போயிடலாமே’ என்று யாராவது ஆரம்பித்தால் உஷாராகுங்கள். சமரசம் நீங்கள் கேட்டால் மட்டுமே நடக்க வேண்டிய ஒன்று. கையெழுத்துப் போட்டுவிட்டால் அதன்பின் விசாரணை நடக்காது.

தொல்லை கொடுத்தவர் வெளியாள், உங்கள் செய்திக்குத் தகவல் தருபவர் என்றால்? நீங்கள் விரும்பினால், அவர் மேல் குற்றவியல் நடவடிக்கைக்கு முயற்சி எடுப்பது முதலாளியின் கடமை. 19-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. மனிதவளத் துறையினர் பலருக்கே இது தெரியாது, பிரிவு எண்ணோடு எழுதுங்கள்.

8. காவல் நிலையம்

தேசிய சைபர் கிரைம் இணையதளத்தில் பெண்களுக்கு எதிரான குற்றங்கள் பகுதியில் பதியலாம். அங்கே பெயர் சொல்லாமல் பதியும் வழியும் உண்டு. அதைத் தேர்ந்தெடுத்தால் பிறகு புகாரின் நிலையைத் தொடர முடியாது. பெயரோடு பதியுங்கள். 1930 என்ற எண் பணமோசடிக்கானது, அதில் காத்திருந்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இணையத்தில் பதிந்துவிட்டு வீட்டில் உட்காராமல், பிரதியை எடுத்துக்கொண்டு மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்குப் போங்கள். கையில் இரண்டு பக்கப் புகார், எக்செல் தாளின் அச்சுப்பிரதி, பென் டிரைவ், அடையாள அட்டை. கூடவே ஒருவர். புகார் இரண்டு பக்கம் தாண்டினால் எழுத்தர் படிக்க மாட்டார், மிகக் கொடிய மிரட்டல் முதல் பத்தியில் வரட்டும்.

2024 ஜூலை 1-க்குப் பிறகு நடந்தவற்றுக்கு, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாதான். பின்தொடர்தல் 78, பெண்ணின் மானத்துக்குக் களங்கம் விளைவிக்கும் சொல்லும் செய்கையும் 79, பெயர் தெரியாமல் மறைந்து மிரட்டுவது 351(4). இவற்றோடு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67, 67ஏ, இரண்டும் இணையத்தில் ஆபாசம் பரப்புவதற்கு எதிரானவை. பிரிவு எண்ணை எழுதுவது போலீசாரின் வேலை. ஆனாலும் புகாரிலேயே இருந்தால் வேலை நகரும். பழைய 66ஏ பிரிவை மட்டும் எழுதிவிடாதீர்கள், உச்ச நீதிமன்றம் அதை 2015-லேயே ரத்து செய்துவிட்டது.

சாதியைச் சொல்லித் திட்டியிருந்தால், நீங்கள் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேர்ந்தவர் என்றால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் கேளுங்கள். சாதிச் சான்றிதழின் நகலை அப்போதே இணையுங்கள். நம் ஊரில் வசை பாதி சாதியில்தான் வரும், அதைப் பலர் புகாரில் எழுத விட்டுவிடுகிறார்கள்.

78, 79 போன்ற குற்றங்களுக்குப் பெண் அதிகாரிதான் வாக்குமூலத்தைப் பதிய வேண்டும். கேட்டு வாங்குங்கள். ‘எங்க எல்லை இல்லை’ என்று திருப்பி அனுப்ப முடியாது. எந்த நிலையத்திலும் எஃப்.ஐ.ஆர். போடலாம் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு சொல்கிறது.

வெளியே வரும்போது கையில் என்ன தாள் இருக்கிறது என்று பாருங்கள். சி.எஸ்.ஆர். ரசீது என்றால் புகார் பெறப்பட்டது என்று மட்டுமே பொருள். வழக்கு என்பது எஃப்.ஐ.ஆர். போட்டால்தான். அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும். போடவில்லை என்றால் மாவட்டக் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபால், அதற்குப் பிறகு மாஜிஸ்திரேட்.

எவ்வளவு நாளாகும்? பெண் செய்தியாளர்களை இழிவுபடுத்தும் முகநூல் பதிவை 2018 ஏப்ரலில் பகிர்ந்த வழக்கில் நடிகர் எஸ்.வி.சேகருக்கு ஒரு மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது 2024 பிப்ரவரியில். பதிவை நீக்கியதும் மன்னிப்புக் கேட்டதும் வழக்கை நிறுத்தவில்லை. ஆறு வருடம் என்று தெரிந்தே உள்ளே போங்கள். கோப்பைப் பத்திரமாக வைக்கச் சொல்வது இதனால்தான்.

9. உடம்பும் மனசும்

இந்தப் பகுதி கடைசிக்கு அருகில் இருக்கிறது என்பதற்காகக் கடைசியில் செய்ய வேண்டியது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டாம் நாளே தொடங்குங்கள். புகார், வக்கீல், ஆபீஸ் என்று ஓடும்போது உடம்பு தாக்குப்பிடித்துக்கொள்ளும். எல்லாம் அடங்கி, எல்லோரும் மறந்த மூன்றாவது வாரத்தில் விழுந்தவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

போன் அதிர்ந்தாலே நெஞ்சு படபடக்கும். சாப்பாடு இறங்காது. குழந்தை மேல் எரிந்து விழுவீர்கள். ‘நான் அந்த வார்த்தையைப் போட்டிருக்கக் கூடாதோ’ என்று நள்ளிரவில் பழைய செய்தியைத் திறந்து வாசிப்பீர்கள். இது பலவீனம் கிடையாது, நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில் துரத்தினால் உடம்பு இப்படித்தான் செய்யும்.

நாளுக்கு ஒரு நேரம் குறியுங்கள். உதாரணமாக மாலை ஐந்து மணி, இருபது நிமிடம். போனை வைத்திருப்பவர் அப்போது மட்டும் சுருக்கம் சொல்வார்: புதிதாக இத்தனை, மிரட்டல் இத்தனை, முகவரி எதுவும் இல்லை. படித்துக் காட்ட மாட்டார். ஒன்றுமே தெரியாமல் இருந்தால் மனசு மோசமாகக் கற்பனை செய்யும், எல்லாம் தெரிந்தால் தாங்காது. இந்த இருபது நிமிடம் அதற்கு நடுவழி.

தூக்கத்தை எழுதி வையுங்கள். எத்தனை மணிக்குப் படுத்தேன், எத்தனை மணிக்கு எழுந்தேன், அவ்வளவுதான். இரண்டு வாரம் தாண்டியும் சரியாகவில்லை என்றால் மருத்துவரிடம் போங்கள். ‘நாலு பேர் திட்டினதுக்கா டாக்டர்?’ என்று உங்களுக்கே தோன்றும். அந்தத் தூக்கக் கணக்கைக் காட்டினால் போதும், விளக்கவே வேண்டாம். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸில், 14416 என்ற எண்ணில் தமிழில், கட்டணமில்லாமல், எந்த நேரத்திலும் பேசலாம். செத்துப்போகலாம் என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலும் காத்திருக்காதீர்கள், அன்றே பேசுங்கள்.

தோழிகளுக்கு ஒன்று. “தைரியமா இரு” என்று செய்தி அனுப்பாதீர்கள். அதற்கும் அவர் பதில் எழுத வேண்டியிருக்கும். சாப்பாடு கொண்டு போங்கள். காவல் நிலையத்துக்குக் கூடப் போய் பெஞ்சில் உட்காருங்கள்.

10. மீண்டும் பைலைன்

உங்கள் பெயரோடு மீண்டும் செய்தி வெளியாகும் தேதியை நீங்கள் குறியுங்கள், ஆசிரியர் குறிக்க வேண்டாம். முதல் செய்தி சிறியதாக, அதே பீட்டில் இருக்கட்டும். வேறு பீட்டில் தொடங்கியவர்கள் பலர் பழைய பீட்டுக்குத் திரும்பவே இல்லை.

பெயர் போடாமல் எழுதலாமா? எழுதலாம். ஆனால் எத்தனை செய்திக்கு என்று முன்பே எண்ணிவிடுங்கள். நான் மூன்று என்று சொல்வேன். நான்காவது செய்தி காலை பத்து மணிக்கு வெளியாகட்டும், இரவில் வேண்டாம். பகலில் டெஸ்க்கில் ஆள் இருக்கும். பின்னூட்டத்தை முதல் இரண்டு நாள் மூடி வையுங்கள். எக்செல் தாளின் அடுத்த பக்கத்தைத் திறந்து, தலைப்பை மட்டும் போட்டு, போனை வைத்திருந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.